வெனிஸ் முளைச்ச கதை: உப்பு, சேறு, தூரத்து ராஜா (கேள்வி பதில்)

வணக்கம். வெனிஸ் ஆரம்ப காலத்தைப் பத்தி கேளுங்கன்னு சொன்னேன், இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல, ரொம்ப சந்தோஷம். இருபது வருஷமா நான் படிச்சிட்டு இருக்கிற விஷயம் இது. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், கோண்டோலா, கார்னிவல், கண்ணாடி எல்லாம் பின்னாடி வந்தது. இன்னைக்கு நான் சொல்லப்போறது சுமார் 1100 வரைக்கும் உள்ள கதை, அதாவது அந்த ஊர் இன்னும் பணக்கார ஊரா ஆகாத காலம். எனக்கு அதுதான் பிடிச்ச காலமும்.

கேள்வி: அக்கா, இத்தாலில அவ்ளோ நல்ல நிலம் இருக்கும்போது போயும் போயும் சேத்துல ஏன் ஊர் கட்டினாங்க?

தம்பி, ஆசைப்பட்டு யாரும் போகல, உயிருக்குப் பயந்து போனாங்க. ஆனா ஒரே நாள்ல எல்லாரும் மூட்டை கட்டிட்டுப் போன மாதிரி கதை சொல்றாங்கல்ல, அப்படி நடக்கல. 452ல ஹூணர்களோட அட்டிலா வந்து அக்விலேயாங்கிற பெரிய ரோமானிய நகரத்தை நாசம் பண்ணான், ஜனங்க பக்கத்துல இருந்த காயல் தீவுகளுக்கு ஓடினாங்க, அவன் போனதும் நிறைய பேர் திரும்பி வீட்டுக்கே வந்துட்டாங்க. கொள்ளையடிச்சிட்டுப் போறவனுக்குப் பயந்தா அப்படித்தான், அவன் போனா நாம திரும்பலாம். 568-569ல வந்த லாம்பார்டுகள்ங்கிற ஜெர்மானிய இனத்தவங்க அப்படி இல்ல, அவங்க குடியேற வந்தவங்க, போகவே இல்ல. அப்போதான் அக்விலேயா பிஷப் கிராடோ தீவுக்குப் போறாரு, அப்புறம் ஆல்டினோ ஊர்க்காரங்க டோர்செல்லோ தீவுக்குப் போறாங்க, இப்படி ஒவ்வொரு ஊரா கொஞ்சம் கொஞ்சமா மூணு நாலு தலைமுறைக்கு இது நடக்குது.

லகூன்னு சொல்றது வேற ஒண்ணும் இல்ல, நம்ம காயல்தான். பியாவே, பிரெண்டா மாதிரி ஆறுங்க ஆல்ப்ஸ் மலையில இருந்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டுது, கடல் அலை அதை நீளமா மணல்திட்டா ஒதுக்குது, நடுவுல ஆழமில்லாத தண்ணி நிக்குது. பல இடத்துல இடுப்பளவு கூட இருக்காது. ஆனா உள்ளுக்குள்ள ஆழமான ஓடைகள் வளைஞ்சு வளைஞ்சு போகும், படகு அந்த வழியா மட்டும்தான் போக முடியும். அந்த வழி உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். வழி காட்ட நட்டு வெச்ச கம்புகளைப் பிடுங்கிட்டா வெளியூர்க்காரன் கப்பல் சேத்துல தரை தட்டி நின்னுடும். அந்த ஊருக்குக் கோட்டைச்சுவரே தேவைப்படல.

கேள்வி: 421 மார்ச் 25ன்னு கரெக்டா தேதியே போட்டிருக்காங்களே மேடம்?

அது பிற்காலத்துல ஊருக்குப் பெருமை சேர்க்க சொன்ன கதைங்க. மார்ச் 25 கிறிஸ்தவங்களுக்கு மரியாள் மங்கள வார்த்தை திருநாள், புனிதமான நாள்ல ஊர் பிறந்ததா இருக்கணும்னு வெச்சுக்கிட்டாங்க. வெனிஸ்காரங்க இன்னைக்கும் அந்த நாளைக் கொண்டாடுறாங்க, தப்பில்ல, ஆனா வரலாறுன்னு எடுத்துக்க வேண்டாம்.

கேள்வி: வயல் கிடையாது, மாடு கிடையாது, அப்போ என்னத்தை சாப்பிட்டாங்க? எதை வெச்சு பொழைச்சாங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். பதில் ஒரே சொல்லுதான், உப்பு.

537-538 வாக்குல காசியோடோரஸ்னு ஒரு அதிகாரி, ராவென்னா நகரத்துல, அப்போ இத்தாலியை ஆண்ட கோத் ராஜா கிட்ட பெரிய பதவியில இருந்தவர், இந்தக் காயல் ஜனங்களோட தலைவர்களுக்கு ஒரு லெட்டர் எழுதுறாரு. விஷயம் என்னன்னா கடலுக்கு எதிர்க்கரையில இருக்கிற இஸ்ட்ரியாவுல இருந்து ஒயினும் எண்ணெயும் ராவென்னாவுக்கு வரணும், உங்க படகுல ஏத்திக் கொண்டாங்கன்னு. சர்க்கார் கடிதாசிதான், ஆனா எழுதுற மனுஷனுக்கு அந்த இடம் மேல ஒரு ஆச்சரியம், பாத்ததையெல்லாம் எழுதிட்டே போறாரு. நீர்ப்பறவை கூடு மாதிரி உங்க வீடுங்க தண்ணி மேல இருக்கு, மத்தவங்க வீட்டுல மாடு கட்டுற மாதிரி நீங்க சுவத்துல படகைக் கட்டி வெச்சிருக்கீங்க, மெல்லிசான குச்சிகளைப் பின்னி கரையைக் கட்டி கடல் அலைக்கு எதிரா நிறுத்தியிருக்கீங்க, பணக்காரனும் ஏழையும் ஒரே மாதிரி மீனைத்தான் சாப்பிடுறீங்க, ஒருத்தன் வீட்டைப் பாத்து ஒருத்தன் பொறாமைப்பட வேண்டியது இல்லைன்னு. அதுல எனக்கு மனசுல நின்னது எதுன்னா, கடல் கொந்தளிப்பா இருக்கிற நாள்ல அவங்க ஆறு வழியா போவாங்க, காத்து இல்லேன்னா ஆளுங்க கரையில நடந்துக்கிட்டே கயித்தால படகை இழுப்பாங்க, தூரத்துல இருந்து பாக்கிறவனுக்கு அடிப்பக்கம் தெரியாது, புல்வெளிக்கு நடுவுல படகு நகர்ந்து போற மாதிரி தெரியும்னு எழுதுறாரு. 1500 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் நின்னு பாத்த காட்சி, அப்படியே நம்ம கண்ணு முன்னாடி வருது பாருங்க.

அப்புறம் உப்புக்கு வர்றாரு. உங்களுக்கு ஏரும் அரிவாளும் கிடையாது, உருளைதான் உருட்டுறீங்க, உங்க விளைச்சல் எல்லாம் அதுலதான், தங்கம் வேண்டாம்னு சொல்ற ஆள் இருக்கலாம், உப்பு வேண்டாம்னு சொல்ற ஆள் உலகத்துல இல்லைன்னு சொல்றாரு. அந்த உருளை உப்புப் பாத்தி தரையை கெட்டிப்படுத்துற உருளை. தரை இளக்கமா இருந்தா தண்ணி கீழ இறங்கிடும், உப்புல சேறு கலந்துடும், உப்பளத்தைப் பாத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

மீனையும் இறைச்சியையும் கெடாம வெக்கணும்னா உள்நாட்டுல இருக்கிறவங்களுக்கு உப்பு வேணும், அவங்க கிட்ட தானியம் இருக்கு. அதனால உப்பை ஏத்திக்கிட்டு, 'போ'ங்கிற பெரிய ஆறு வழியா ஊர் ஊரா போய் தானியமா மாத்திட்டு வர்றாங்க. பட்டு, மிளகுன்னு பின்னாடி என்னென்னமோ வித்தாங்க, ஆனா வியாபாரம் பண்ணக் கத்துக்கிட்டது இந்த உப்புப் படகுலதான்.

கேள்வி: தண்ணிக்குள்ள மரக்கட்டை அடிச்சு மேல கட்டடம் கட்டியிருக்காங்களாமே, அழுகாதா? நான் சிவில் இன்ஜினியர், அதான் கேக்குறேன்.

சார், முதல்ல கட்டினது கனமான கட்டடம் இல்ல, மரவீடு, நாணல் கூரை, அதுக்குப் பெரிய அஸ்திவாரம் தேவைப்படல. செங்கலும் கல்லும் வர வரத்தான் கட்டைகளை நெருக்கமா அடிக்க ஆரம்பிச்சாங்க. மேல இருக்கிற களிச்சேத்துக்கு அடியில கராண்டோன்னு கெட்டியான களிமண் அடுக்கு ஒண்ணு இருக்கு. ஓக், ஆல்டர், லார்ச் மாதிரி மரங்களை அடிச்சு, அதுக்கு மேல பலகை பரப்பி, அதுக்கு மேல இஸ்ட்ரியாவுல இருந்து வந்த வெள்ளைக் கல்லு. இஸ்ட்ரியா கல்லு உப்புத்தண்ணியை உள்ள இழுக்காது, அதனால தண்ணி தொடுற மட்டத்துல அதைத்தான் வெச்சாங்க. கட்டை முழுசா சேத்துக்குள்ள இருக்கு, காத்து படுறது இல்ல, அதனால சாதாரணமா அழுகுற மாதிரி அழுகுறது இல்ல. கொஞ்சம் கொஞ்சமா பாக்டீரியா அரிக்கத்தான் செய்யுது, ஆனா கட்டையும் சேறும் தண்ணியும் சேர்ந்து பாரத்தைத் தாங்குது.

கேள்வி: குடிக்கிற தண்ணி?

மழைத்தண்ணிதான். அங்க சுத்தி கண்ட இடமெல்லாம் தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியாது. ஊர்ல இருக்கிற ஒவ்வொரு சின்ன சதுக்கத்துலயும் நடுவுல கிணறு மாதிரி ஒண்ணு நிக்கும், அது கிணறு இல்ல, தொட்டி. பெரிய குழி தோண்டி உப்புத்தண்ணி உள்ள வராம களிமண் பூசி, உள்ள மணல் நிரப்பி, நடுவுல செங்கல்ல ஒரு உறை இறக்கிடுவாங்க. மழை பெய்ஞ்சா சதுக்கத்துல விழுற தண்ணி ஓரத்து ஓட்டை வழியா இறங்கி, மணல்ல வடிகட்டி உறைக்குள்ள வந்து சேரும்.

கேள்வி: ஆரம்பத்துல இருந்தே குடியரசா? டோஜ்னா ராஜாவா, தலைவரா?

டோஜ்ங்கிறது லத்தீன்ல டூக்ஸ், அதாவது படைத்தலைவன், அந்தச் சொல்லு வெனிஸ்காரன் வாயில அப்படி ஆயிடுச்சு. 697ல பாவ்லூச்சோ அனஃபெஸ்டோன்னு ஒருத்தரை முதல் டோஜா தேர்ந்தெடுத்தாங்கன்னு பழைய பட்டியல்ல இருக்கும், ஆனா ஆதாரத்தோட நமக்குத் தெரியுற முதல் ஆள் ஓர்சோ. 726-727 வாக்குல கான்ஸ்டான்டிநோபிள் (இன்னைக்கு இஸ்தான்புல்) சக்கரவர்த்தி சாமி படங்களை வணங்கக் கூடாதுன்னு உத்தரவு போட, இத்தாலி பக்கம் இருந்த அவரோட பைசாண்டிய, அதாவது கிழக்கு ரோமானிய ராணுவமெல்லாம் கொந்தளிச்சு அவங்கவங்க தலைவரை அவங்களே வெச்சுக்கிட்டாங்க, அப்படி வந்தவர்தான் இவர். அப்போ தலைநகரம் ஹெராக்லியா, இப்போ இருக்கிற வெனிஸ் இல்ல.

குடியரசுன்னு பெருமையா சொல்ற அளவுக்கு அந்தக் காலம் இல்லைங்க. ஓர்சோவை 737ல கொன்னுட்டாங்க. அஞ்சு வருஷம் டோஜே வேண்டாம்னு வருஷத்துக்கு ஒரு படை அதிகாரியை வெச்சுப் பாத்தாங்க, சரிவரல. 742ல ஓர்சோ மகன் தியோடாடோ வந்து தலைநகரை கடலோர மணல்திட்டுல இருந்த மலமோக்கோவுக்கு மாத்தினாரு, அவரைக் கண்ணைக் குருடாக்கி இறக்கினாங்க, குருடாக்கினவன் பதவிக்கு வந்தான், அடுத்த வருஷமே அவன் கண்ணும் போச்சு, அதுக்கு அடுத்து வந்த மொனெகாரியோவுக்கும் 764ல அதே கதி. 976ல இன்னும் மோசம், நாலாவது பியெட்ரோ காண்டியானோ சொந்தமா கூலிப்படை வெச்சு ராஜா மாதிரி நடந்துக்கிட்டாருன்னு ஜனங்க அரண்மனைக்குத் தீ வெச்சு, தப்பி வெளிய வந்தவரை கைக்குழந்தையோட சேர்த்துக் கொன்னாங்க. அந்தத் தீயில முதல் சான் மார்கோ (செயின்ட் மார்க்) கோயிலும் 300 வீட்டுக்கு மேலயும் எரிஞ்சு போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கொன்னாங்களே தவிர பதவியை ஒரே குடும்பத்துக்குப் பட்டா போட்டுக் குடுக்கல. டோஜ் தன் மகனையும் தன்னோட சேர்த்து இன்னொரு டோஜா உக்கார வெக்கிற பழக்கம் ரொம்ப நாள் இருந்துச்சு, 1032க்கு அப்புறம் அதையும் நிறுத்திட்டாங்க. ரத்தம் சிந்தித்தான் அந்தக் கட்டுப்பாடுகள் வந்துச்சு.

கேள்வி: சார்லமேன் காலத்துல அவ்ளோ பெரிய சாம்ராஜ்யம் பக்கத்துலயே இருந்தும் இந்தக் குட்டி ஊரை ஏன் முழுங்க முடியல?

என்னைக் கேட்டா வெனிஸ் உண்மையில பிறந்த வருஷம் 810. 751ல லாம்பார்டுகள் ராவென்னாவைப் பிடிச்சிட்டாங்க, அதோட வட இத்தாலியில பைசாண்டிய ஆட்சி முடிஞ்சுது, 774ல ஃபிராங்க் ராஜா சார்லமேன் வந்து லாம்பார்டுகளையே முடிச்சிட்டாரு. மிச்சம் இருந்தது இந்தக் காயல் ஊருங்க மட்டும்தான். உள்ளுக்குள்ளயே ரெண்டு கட்சி, ஃபிராங்க் பக்கம் போலாம்னு ஒண்ணு, கான்ஸ்டான்டிநோபிளோடவே இருப்போம்னு ஒண்ணு. 810ல சார்லமேன் மகன் பெப்பின், இத்தாலி ராஜா, படையோட வந்து ஓரத்து மணல்திட்டையெல்லாம் பிடிச்சிட்டாரு. ஜனங்க மலமோக்கோவை விட்டுட்டு காயலுக்கு நடுவுல இருந்த ரியால்டோ தீவுக்குப் போயிட்டாங்க. அங்க வரைக்கும் பெப்பினால வர முடியல. பைசாண்டிய சக்கரவர்த்தி ஏழாம் கான்ஸ்டன்டைன் பத்தாம் நூற்றாண்டுல எழுதி வெச்சதுல ஆறு மாசம் முற்றுகைன்னு இருக்கு. நீங்க என் நாட்டுல இருந்து வந்தவங்கதானே, எனக்குக் கீழதான் இருக்கணும்னு பெப்பின் சொன்னாராம், இல்ல, நாங்க ரோமானிய (அதாவது கான்ஸ்டான்டிநோபிள்) சக்கரவர்த்திக்குக் குடிமக்களா இருப்போம், உங்களுக்கு இல்லைன்னு இவங்க சொன்னாங்களாம். ஃபிராங்க் ஏடுகள்ல பெப்பின் ஜெயிச்சதா இருக்கு, கான்ஸ்டன்டைன் எழுதினதுலயும் கடைசியில கப்பம் கட்ட ஒத்துக்கிட்டாங்கன்னுதான் இருக்கு, தன் காலத்துல கூட வருஷத்துக்கு 36 பவுண்டு வெள்ளி குடுக்கிறாங்கன்னு சொல்றாரு. ஆனா ரியால்டோ கை மாறல. பெப்பின் அதே 810 ஜூலைல செத்தே போயிட்டாரு.

812ல சார்லமேனும் கான்ஸ்டான்டிநோபிளும் போட்ட சமாதானத்துல வெனிஸ் பைசாண்டியத்தோடதுன்னு முடிவாச்சு. இதைத் தோத்த மாதிரி நினைக்காதீங்க. அடுத்த வீட்டு ராஜா எசமானா இருந்தா தினமும் வரி கேப்பான், சண்டைக்கு ஆள் கேப்பான். ஆயிரம் மைல் தாண்டி இருக்கிற ராஜா பட்டம் குடுப்பான், சுங்கச் சலுகை குடுப்பான், படை அனுப்பி அடக்க மட்டும் நேரம் இருக்காது. சேறு காப்பாத்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, நான் தூரமும் சேர்ந்து காப்பாத்துச்சுன்னு சொல்வேன். டோஜ் அஞ்ஞெல்லோ பார்டெசிபாட்ஸியோ அரசாங்கத்தை ரியால்டோவுலயே நிறுத்திட்டாரு. ரிவுஸ் ஆல்டுஸ், ஆழமான ஓடைன்னு அர்த்தம், அந்த ஓடைதான் இன்னைக்கு எல்லாரும் ஃபோட்டோ எடுக்கிற கிராண்ட் கனால்.

கேள்வி: செயின்ட் மார்க் உடலைப் பன்னிக்கறிக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவந்தது உண்மையா?

828ல அலெக்சாண்டிரியாவுல இருந்து ரெண்டு வியாபாரிங்க, மலமோக்கோ ஊர் புவோனோ, டோர்செல்லோ ஊர் ருஸ்டிகோ, மார்க்கோட (பைபிள்ல வர்ற மாற்கு) உடல்னு ஒண்ணைக் கொண்டுவந்து டோஜ் கையில குடுத்தாங்க, அது வரைக்கும் உறுதி. மேல பன்னி இறைச்சியை வெச்சு மூடினாங்க, துறைமுக சுங்கக்காரங்க பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னு சொல்றது ஊர்க்கதை. சான் மார்கோ கோயிலுக்குள்ள இருக்கிற பழைய மொசைக்ல அந்தக் காட்சியே இருக்கு, சோதிக்கிறவங்க வாய்ல இருந்து 'கன்ஸிர்'னு எழுதியிருக்கும், அரபில பன்னின்னு சொல்ற சொல்லு.

ஏன் மார்க்? முந்தின வருஷம்தான், 827ல, மாண்டுவாவுல கூடின பிஷப்புகள் கூட்டம், வெனிஸ் பக்கம் இருந்த கிராடோ பிஷப் அக்விலேயா பிஷப்புக்குக் கீழன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அக்விலேயா ஃபிராங்க் பக்கம். மார்க் ஆரம்பிச்ச சபை எங்களுதுன்னு அவங்க உரிமை கொண்டாடிட்டு இருந்தாங்க. அந்த மார்க்கோட உடலே எங்க ஊர்ல இருக்குன்னா யார் பேசுவா? அதைப் பிஷப் கோயில்ல வெக்கல, டோஜ் தன் அரண்மனையை ஒட்டி கட்டின கோயில்ல வெச்சாங்க. 1807 வரைக்கும் சான் மார்கோ ஊரோட கதீட்ரலே இல்ல. அதுக்கு முன்னாடி ஊர்க்காவல் சாமியா இருந்தது தியோடர்ங்கிற கிரேக்கப் புனிதர், அவர் சிலை இப்பவும் கடலைப் பாத்த தூண் மேல நிக்குது.

கேள்வி: அடிமை வியாபாரம் பண்ணாங்கன்னு படிச்சேன் அக்கா. நிஜமா?

நிஜம்மா. இதை மறைச்சிட்டு வெனிஸ் புகழ் பாடுறது எனக்குப் பிடிக்காது. எட்டாம் நூற்றாண்டு நடுவுலயே வெனிஸ் வியாபாரிங்க ரோம்ல ஆணும் பெண்ணுமா ஆளுங்களை வாங்கி ஆப்பிரிக்காவுல விக்கப் போக, போப் சக்கரியா பணம் குடுத்து அவங்களை மீட்டாரு. 840ல ஃபிராங்க் சக்கரவர்த்தி லோத்தாரோட போட்ட ஒப்பந்தத்துல அவரோட கிறிஸ்தவக் குடிமக்களைப் பிடிச்சு விக்கக் கூடாதுன்னு வருது, 960ல டோஜே தடை போடுறாரு, திரும்பத் திரும்பத் தடை போட்டாங்கன்னாலே வியாபாரம் நிக்கலைன்னுதான் அர்த்தம். எதிர்க்கரையில இருந்து ஸ்லாவ் ஜனங்களைப் பிடிச்சு வித்தாங்க, ஸ்லாவ்ங்கிற பேரே அடிமைன்னு அர்த்தமா மாறிப்போச்சு. இத்தாலிக்காரங்க சாவ்னு சொல்லி வணக்கம் வெக்கிறாங்கல்ல, அது வெனிஸ் பேச்சுல 'நான் உங்க அடிமை'ன்னு சொன்னது சுருங்கி வந்தது. அந்தச் சொல்லைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்ல ஏத்தின ஜனங்க ஞாபகம்தான் வரும்.

கேள்வி: அமால்ஃபி, கொமாக்கியோ இதெல்லாமும் அப்போ துறைமுக ஊருங்கதானே, வெனிஸ் மட்டும் எப்படி மேல வந்துச்சு?

கொமாக்கியோவும் போ ஆத்து முகத்துவாரத்துல இருந்த உப்பு ஊருதான், இவங்களுக்கு முன்னாடியே லாம்பார்டுகளோட உப்பு ஒப்பந்தம் போட்டவங்க. வெனிஸ் 886லயும் 932லயும் போய் அதை அடிச்சு நொறுக்கிடுச்சு. உப்பு வியாபாரத்துல ரெண்டாவது கடை இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, அவ்ளோதான்.

தெற்கு இத்தாலியில இருந்த அமால்ஃபி வேற கதை. கான்ஸ்டான்டிநோபிள்ல முதல்ல அவங்கதான் செல்வாக்கா இருந்தாங்க. 992ல டோஜ் ரெண்டாம் பியெட்ரோ ஓர்செயோலோ சக்கரவர்த்தி கிட்ட ஒரு சாசனம் வாங்குறாரு, 30 தங்க நாணயத்துக்கு மேல கட்டிட்டு இருந்த இடத்துல இனி ஒரு கப்பலுக்கு வரும்போது 2, போகும்போது 15. பதிலுக்கு இத்தாலிக்குப் படை கொண்டுபோக கப்பல் குடுக்கணும், அமால்ஃபிக்காரங்க சரக்கை உங்க பேர்ல ஏத்திட்டு வரக்கூடாது. அதே டோஜ் 1000ல படகுப்படையோட எதிர்க்கரையில இருக்கிற டால்மேஷியாவுக்குப் போய், கடற்கொள்ளைக்காரங்களை ஒடுக்கி வழியைத் திறந்து விட்டாரு, கிளம்பின நாள் இயேசு விண்ணேற்றத் திருநாள், பின்னாடி வருஷா வருஷம் டோஜ் கடல்ல மோதிரம் போடுற சடங்கு அந்த நாள்லதான் நடந்துச்சு.

அப்புறம் தெற்கு இத்தாலியைப் பிடிச்சுக்கிட்டு இருந்த நார்மன்கள்ங்கிற போர்க்கூட்டம் வந்தாங்க. 1073ல அமால்ஃபி அவங்க கைக்குப் போயிடுச்சு. 1081ல அவங்க கிரேக்கக் கரைக்குப் படையெடுக்க, சக்கரவர்த்தி அலெக்ஸியோஸ் கிட்ட கப்பல் இல்ல, வெனிஸ் கிட்ட இருந்துச்சு. அதுக்குக் கூலியா அவர் குடுத்த சாசனம், வழக்கமா 1082ன்னு சொல்வாங்க, அதுல சாம்ராஜ்யத்தோட முக்கியத் துறைமுகங்கள்ல சுங்கமே இல்ல, தலைநகர்லயே கடைகளும் மூணு படகுத்துறையும். சொந்த நாட்டு வியாபாரி வரி கட்டுறான், வெனிஸ்காரன் கட்டல. அதுக்கும் மேல அங்க கடை வெச்சிருக்கிற அமால்ஃபிக்காரங்க வருஷத்துக்கு மூணு காசு சான் மார்கோ கோயிலுக்குக் கட்டணும்னு எழுதிட்டாங்க. தூரத்து ராஜாவுக்கு இவங்க தேவை வந்த அன்னைக்கே கணக்கு தலைகீழா மாறிடுச்சு.

கேள்வி: நம்ம ஊருக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

இந்தக் காலத்துல நேரடியா இல்ல. நம்ம பக்கத்து மிளகு செங்கடல் வழியா எகிப்து போய், அலெக்சாண்டிரியாவுல வெனிஸ் கப்பல் ஏறும், நடுவுல எத்தனையோ கை மாறும். நேர்ல வந்து எழுதினவர் 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்கோ போலோ, பாண்டிய நாட்டுல முத்துக் குளிக்கிறதைப் பத்தியும் காயல் துறைமுகத்தைப் பத்தியும் சொல்லியிருக்காரு. காயல்ல பொறந்த மனுஷன் காயல்னே பேர் வெச்ச ஊரைப் பத்திப் பேசியிருக்காருன்னு நினைச்சா எனக்கு சிலிர்க்கும்.

கேள்வி: அடுத்த வருஷம் போறோம் அக்கா. இந்தப் பழைய காலத்தைப் பாக்க எங்க போகணும்?

டோர்செல்லோ. படகு ஏறிப் போங்க. ஒரு காலத்துல ரியால்டோவை விட பரபரப்பா இருந்த ஊர், இப்போ விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் ஜனங்க. புல்லுக்கு நடுவுல சாந்தா மரியா அசுந்தா கோயில். வெளிய ஒரு கல் நாற்காலி இருக்கும், அட்டிலா சிம்மாசனம்னு சொல்வாங்க, அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உள்ள போனதும் எல்லாரும் மொசைக்கைப் பாக்க மேல பாப்பாங்க, பாருங்க, ஆனா பீடத்துக்கு இடது பக்கம் சுவத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, அதை விட்டுடாதீங்க. 639ஆம் வருஷத்தது. சக்கரவர்த்தி ஹெராக்லியஸ் பேரு, ராவென்னா ஆளுநர் ஐசக் பேரு, படைத்தலைவர் மௌரிசியஸ் பேரு எல்லாம் இருக்கும். டோஜ் கிடையாது, வெனிஸ்ங்கிற ஊரே இன்னும் கிடையாது.

அப்புறம் ஆத்து வண்டல் வந்து தூர்ந்து போய், சதுப்பாகி, மலேரியா பரவி, ஜனங்க டோர்செல்லோவை விட்டுக் கிளம்பிட்டாங்க, போகும்போது வீட்டுக் கல்லையும் பெயர்த்துப் படகுல ஏத்திட்டுப் போனாங்க. வெனிஸ்ல பழைய சுவத்துல சின்னச் சின்ன செங்கல் தெரியும், அதுக்கு ஆல்டினெல்லான்னு பேரு, முன்னோர்கள் விட்டுட்டு வந்த ஆல்டினோவுல இருந்து வந்த செங்கல்னு நம்பி வெச்ச பேரு. அந்தச் சுவரைப் பாத்தா ஒரு நிமிஷம் நில்லுங்க.